ஐந்து மணி நேரப் பயணமா, விடுதியா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மூத்த மகளுக்குக் கலந்தாய்வில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். இவர் வீட்டிலிருந்தபடியே பட்டுப்புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஒருவன் இருக்கிறான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோன மாமியாரும் உடன் இருக்கிறார்.

வீட்டிலிருந்து கல்லூரி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கல்லூரிப் பேருந்து காலை 5.50-க்குத் தெருமுனை நிறுத்தத்துக்கு வருகிறது; வாலாஜாபாத், ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு 8.10-க்குக் கல்லூரி சேர்கிறது. மாலை 4.15-க்குக் கிளம்பினால் 6.45 ஆகிவிடுகிறது. பேருந்துக் கட்டணம் ஆண்டுக்கு 52,000 ரூபாய். விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து 1,15,000 ரூபாய். முன்வைப்புத் தொகை தனி.

"பொண்ணு ராத்திரி நம்ம வீட்லதான் தூங்கணும், பஸ்ல போற நேரத்துல படிச்சுக்கட்டும்" என்கிறார் கணவர். விடுதி என்றால் செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதியாக இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. முதல் வருடம் வீட்டிலிருந்து போகட்டும், பழகியபின் விடுதி பார்க்கலாம் என்பது இவருடைய எண்ணம். கூடுவாஞ்சேரியில் நாத்தனார் வீடு இருக்கிறது, அங்கே விடலாமா என்ற யோசனையும் உண்டு. "அவ ஒரு தடவை ஹாஸ்டல்ல இருக்கேன்மான்னு சொன்னா. அவங்க அப்பா முகத்தைப் பார்த்ததும் எதுன்னாலும் சரின்னுட்டா" என்று எழுதியவர், கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "ராத்திரி அத்தையை எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறது அவதான். அவ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி." வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பணம், பாதுகாப்பு, படிப்பு, மாமியார் என நான்கு கவலைகள் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எது எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரியும். அதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தூரத்துக்கு, இந்த நேர அட்டவணைக்கு, முதல் செமஸ்டரிலிருந்தே விடுதிதான் சரி. வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஒன்றரை மணியைத் தாண்டினாலே உடம்பும் படிப்பும் சேர்ந்து அடிவாங்கும். உங்கள் மகளுக்கு இரண்டரை மணி ஆகிறது.

அவளுடைய ஒரு நாள்

5.40-க்கு வீட்டை விட்டு இறங்கி 8.10-க்குக் கல்லூரி, மாலை 4.15-க்குப் பேருந்து ஏறி வீட்டுக்குள் நுழைய 6.45. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் சாலையில் போகிறது. செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று குறைத்தே வைத்தாலும் 375 மணி நேரம், ஆண்டுக்கு 750 மணி நேரம்.

5.40-க்குக் கிளம்ப வேண்டுமானால் 4.30-க்கு எழ வேண்டும். மாலை குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது எட்டு மணி ஆகியிருக்கும். முதலாண்டில் கணிதம், நிரல் எழுதும் பயிற்சி, ஆய்வக ரெக்கார்டு, எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் ஷீட் எல்லாம் உண்டு. பத்தரைக்குப் படுத்தாலும் தூக்கம் ஆறு மணி நேரம்தான். அதிலும் நடுவில் பாட்டிக்காக எழுகிறாள். இந்த வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு வாரம் குறைத்தால் பரவாயில்லை. நான்கு வருடம் குறைத்தால் அது முதலில் காட்டுவது மதிப்பெண்ணில். கணிதத்தையும் நிரலையும் மனப்பாடம் செய்து கடக்க முடியாது; தெளிந்த தலையோடு உட்கார்ந்தால்தான் வரும்.

பேருந்தில் படிக்கலாம் என்கிறார் உங்கள் கணவர். அவர் ஷிஃப்ட் பேருந்தில் போய் வருகிறவர். அங்கே எத்தனை பேர் புத்தகத்தைத் திறக்கிறார்கள், எத்தனை பேர் கண்ணை மூடுகிறார்கள் என்று அவருக்கே தெரியும். கண் அசையாத எழுத்தைப் பார்க்க, காதின் உட்பகுதி உடம்பு குலுங்குவதைச் சொல்ல, இரண்டும் ஒத்துப்போகாமல் தலைசுற்றலும் குமட்டலும் வரும். காதில் போட்டுக் கேட்கும் பாடம் ஒருவேளை நடக்கும். தாளில் கணக்குப் போடுவது நடக்காது.

வெளியே யாரும் பேசாத ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். இரண்டரை மணி நேரப் பயணத்தில் கழிப்பறை கிடையாது. தினமும் இப்படிப் போய்வரும் பெண்கள் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மாதவிடாய் நாட்களில் இன்னும் கஷ்டம். நீர்க்கடுப்பு, சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல் என்று அடிக்கடி மருத்துவரிடம் போகும் பிள்ளையின் அன்றாட அட்டவணையைக் கேட்டுப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஐந்தரை மணிக்குக் காலைச் சாப்பாடும் இறங்காது. வெறும் வயிற்றோடு போய் பத்து மணிக்குக் கேன்டீனில் ஒரு பப்ஸ் என்று வழக்கமாகிவிடும்.

வருகைப் பதிவையும் கணக்கில் வையுங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று கொடுத்தால் 65 சதவீதம் வரை சலுகை உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். 75 நாளில் 18 நாள்தான் விடுப்புக்கு இடம். விடுதியில் இருப்பவளுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு வகுப்பு போகும். உங்கள் மகளுக்குக் காலையில் ஐந்து நிமிடம் பிசகிப் பேருந்து போய்விட்டால் அந்த நாளே போய்விடும். ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரி நின்றால் முதல் வகுப்பு போகும். நவம்பர் மழையில் இரண்டு வாரம் எப்படி ஓடும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணக் கணக்கு

52,000-க்கும் 1,15,000-க்கும் வித்தியாசம் 63,000 ரூபாய். சிறிய தொகை இல்லை, குஞ்சம் கட்டிச் சேர்க்கும் கைக்கு அதன் கனம் தெரியும். ஆனால் இதில் இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறது. வீட்டில் இருந்தால் அவள் சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் மாதம் குறைந்தது இரண்டாயிரம் ஆகும். அது பேருந்துக் கட்டணத்தோடு சேர வேண்டியது. விடுதியில் இருந்தால் சோப்பு, துணி துவைப்பு, ஊருக்கு வந்துபோகும் செலவு என மாதம் ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் கூடுதலாகும். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஆக, நிஜமான வித்தியாசம் அதே 63,000. அதைக் கொடுத்து ஆண்டுக்கு 750 மணி நேரத்தை வாங்குகிறீர்கள். மணிக்கு 84 ரூபாய். உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எண்ணாகப் பார்த்தால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

முதல் பட்டதாரிச் சலுகை விடுதிக்கும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அது கலந்தாய்வு இடங்களுக்கான கல்விக் கட்டணத்தில் மட்டும், ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குத்தான் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் மகள் தனியார் பள்ளி என்பதால் அது பொருந்தாது. இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு அது பொருந்தினால், விடுதிக் கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கல்விக் கடன் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறீர்கள். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் விடுதி, மெஸ் கட்டணங்களும் அடங்கும். 4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறும், முடிந்தால் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். பலர் தவறுவது ஒரு இடத்தில்: கல்லூரியிலிருந்து கல்விக் கட்டண விவரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போய்விடுகிறார்கள். அதை வைத்துக் கடன் தீர்மானமான பிறகு விடுதியைச் சேர்க்கச் சொன்னால் அலைச்சல்தான். நான்கு ஆண்டுக்கும் விடுதி, மெஸ் தொகைகளைத் தனி வரியாகக் காட்டும் கட்டண விவரக் கடிதத்தைக் கல்லூரி முத்திரையோடு முதலிலேயே வாங்குங்கள். 63,000 வீதம் நான்கு வருடம் 2,52,000. முழுவதையும் கடனாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

விடுதியில் சேர்த்துவிட்டால் பணம் திரும்ப வராதே என்ற பயம் பாதி சரி. விடுதிக் கட்டணம் திரும்புவது அந்தந்த விடுதி விதியைப் பொறுத்தது. ஆகவே கட்டுவதற்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: செமஸ்டர் நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும்? முன்வைப்புத் தொகை எத்தனை நாளில் வரும்? மெஸ் கட்டணம் ஆண்டுக்கு மொத்தமாகவா, மாதா மாதம் டிவைடிங் முறையிலா? டிவைடிங் முறையில் அந்த மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்கு ஏற்பப் பிரிப்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வரும் நாட்களுக்குக் கழிவு கிடைக்கும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு அது நல்ல மிச்சம்.

எது பாதுகாப்பு

"வீட்டில் தூங்கினால் பாதுகாப்பு" என்ற நினைப்பை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மார்கழியில் 5.40-க்கு நல்ல இருட்டு. கணவர் இரவு ஷிஃப்டில் இருந்தால் நிறுத்தம் வரை கூடப் போவது யார்? ஆய்வகம் நீண்டு, அல்லது போட்டி, பயிலரங்கு என்று ஐந்தரை வரை நிற்க நேர்ந்து, கல்லூரிப் பேருந்து போய்விட்டால் அவள் கேளம்பாக்கம் வந்து, வண்டலூர் அல்லது தாம்பரம் போய், அங்கிருந்து காஞ்சிபுரம் பேருந்து பிடித்து இறங்கும்போது மணி ஒன்பதரை. இந்தக் கஷ்டத்துக்குப் பயந்தே பல மாணவிகள் 4.15-க்குப் பிறகு நடக்கும் எதிலும் சேர்வதில்லை. கோடிங் கிளப், குழுவாகச் செய்யும் புராஜெக்ட், மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வேலைவாய்ப்புப் பயிற்சி எல்லாமே வகுப்பு முடிந்த பிறகுதான். கணினி அறிவியல் படித்து வேலைக்குப் போகிறவளுக்கு அவை பாடத்துக்குச் சமம்.

ராகிங் பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும், கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழு இயங்க வேண்டும், முதலாண்டு மாணவர்களைக் கூடுமானவரை தனியாகத் தங்கவைக்க வேண்டும். கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். இந்த எண்ணை மகள் போனில் இப்போதே பதியவையுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

போனைப் பிடுங்கி வைக்கும் விடுதி வேண்டும் என்கிறார் கணவர். இது நல்லெண்ணத்தில் எழும் தவறான ஆசை. நள்ளிரவில் வயிற்று வலி வந்தால் அவள் உங்களை எப்படிக் கூப்பிடுவாள்? பாடக் குறிப்பு, ஒப்படைப்பு, தேர்வு அறிவிப்பு எல்லாமே இன்று போனில்தான் வருகின்றன. விடுதியில் போனுக்குத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் வைக்கக் கூடாது என்று மானியக் குழுவின் 2015 விதிமுறையே சொல்கிறது. எல்லாக் கல்லூரியும் அதைக் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் கட்டுப்பாடு அதிகம் உள்ள விடுதிதான் நல்ல விடுதி என்ற அளவுகோலை நாமாவது கைவிடலாம்.

கணவருடைய பயம் காதலைப் பற்றியது என்பது கடிதத்தில் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அதைப் பெயர் சொல்லியே பேசிவிடுவது நல்லது. ஒரே பேருந்தில் தினம் ஐந்து மணி நேரம் போகும் பிள்ளைகளுக்கும் அது வரும், விடுதியில் இருப்பவர்களுக்கும் வரும், வீட்டு அறையில் இருப்பவர்களுக்கும் வரும். எங்கே தூங்குகிறாள் என்பதை விட, மனதுக்குள் ஏதேனும் குழப்பம் வந்தால் அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வருமா என்பதுதான் கேள்வி. "எதுன்னாலும் சரி" என்று பின்வாங்கிய பிள்ளைக்கு இப்போதைக்கு வாய் வரவில்லை.

முதல் வருடம் வீடு, பிறகு விடுதி?

இது பல வீடுகளில் எடுக்கும் முடிவு. கேட்க நிதானமாகத் தெரிந்தாலும் நடைமுறையில் தலைகீழ். பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு மாணவிகளுக்கு விடுதி இடத்தில் முன்னுரிமை உண்டு. இரண்டாம் ஆண்டில் காலியிடம் இருந்தால்தான். நட்புகள் அமைவது முதல் மூன்று மாதத்தில். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவதும் அந்த முதல் செமஸ்டரில்தான்: பள்ளியில் தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு மணி நேர விரிவுரை ஓடிவிடும், பக்கத்து அறைத் தோழி இரவில் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்று அரியர் விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டேதான் அடுத்ததுக்குள் நுழைய வேண்டும். உதவி வேண்டிய நேரத்தில் சாலையில் இருந்துவிட்டு, பழகிய பிறகு விடுதிக்குப் போவதில் அவ்வளவு பலன் இல்லை.

கூடுவாஞ்சேரி யோசனை மோசமில்லை. வண்டலூர் வழியாகப் பயணம் பாதிக்கும் கீழே குறையும். ஆனால் நான்கு வருடம் என்பது விருந்து இல்லை. அவளுக்கென்று ஒரு மேஜையும் கதவைச் சாத்திப் படிக்க ஓர் இடமும் அங்கே உண்டா? மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பேசி முடிவு செய்வீர்களா, இல்லை "நமக்குள்ள என்ன" என்று விட்டுவிடுவீர்களா? பேசாமல் விட்ட பணம் ஆறாவது மாதத்தில் மனக்கசப்பாக வரும். அதை அவள்தான் சாப்பாட்டுத் தட்டில் உணர்வாள். விடுதி இடம் கிடைக்காவிட்டால் இதை எடுங்கள், அப்போது தொகையைக் கணவரே தன் தங்கையிடம் பேசட்டும். வெளியே தனியார் மகளிர் விடுதி என்று யாராவது சொன்னால், 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் படியேறாமல் திரும்பிவிடலாம்.

விடுதியை எப்படிப் பார்ப்பது

சேர்க்கை நாளில் கல்லூரி காட்டும் மாதிரி அறையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வேலைநாளில் மாலை ஆறு மணிக்குப் போங்கள். அப்போதுதான் மாணவிகள் அறைக்குத் திரும்பியிருப்பார்கள். எது பழுது என்பது தெரியும்.

தண்ணீரும் குளியலறையும்: காலை ஆறரைக்குத் தண்ணீர் வருமா, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்று அங்கிருக்கும் இரண்டாம் ஆண்டுப் பெண்ணிடம் கேளுங்கள், வார்டனிடம் வேண்டாம். பத்துப் பேருக்கு ஒன்று என்றால் தினமும் முதல் வகுப்புக்கு ஓட்டம்தான். குளியலறைத் தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியேறும் வழி: மாடிக்கு இரண்டு படிக்கட்டு இருக்கிறதா, இரவில் கிரில் கதவைப் பூட்டினால் சாவி எந்தத் தளத்தில் யாரிடம் இருக்கும்? பாதுகாப்பு என்று எல்லா வாசலையும் பூட்டிவிட்டுச் சாவியைக் கீழே காவலாளியிடம் வைத்திருக்கும் கட்டடம் தீ விபத்தில் பொறியாகிவிடும். இந்த ஒன்றில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

இரவில் உடம்பு சரியில்லை என்றால்: வார்டன் விடுதிக்குள்ளேயே தங்குகிறாரா? வண்டி இருக்கிறதா? எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள்? பெற்றோருக்கு எப்போது தகவல் வரும்?

சாப்பாடு: ஒரு வேளைக்கு டோக்கன் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். குறிப்பாக இரவுச் சாப்பாடு, ஏனென்றால் மதியம் மீதமானது அப்போதுதான் தட்டுக்கு வரும்.

புகார்: பாலியல் தொல்லை பற்றிய உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். பலகை வெறுமையாக இருந்தால் கேளுங்கள்.

அத்தையும் நீங்களும்

கடிதத்தின் கடைசி இரண்டு வரிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணங்களில் உண்மையான பாரம் உள்ளது அதுதான். அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. கூச்சப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க மாமியாரையும் வீட்டையும் குஞ்சத்தையும் பார்க்கிறீர்கள். இரவு மட்டும் மகள் தோள் கொடுக்கிறாள். ஆனால் 4.30-க்கு எழும் பிள்ளை இரவு இரண்டு மணிக்கும் எழுந்தால் அவளால் எத்தனை மாதம் தாங்க முடியும்? அவள் பேருந்தில் போனாலும் இந்த ஏற்பாடு நிற்காது. ஆகவே பாட்டிக்கு வேறு வழி செய்வது எப்படியும் தேவைப்படும் வேலை.

கட்டிலுக்கு அருகில் கழிவறை நாற்காலி ஒன்றைப் போட்டால் இரவில் பாத்ரூம் வரை நடக்க வேண்டியிருக்காது; விழும் ஆபத்தும் குறையும். அவருடைய இடப்பக்கம் பலமுள்ளது என்பதால், எழும்போது நாற்காலி இடப்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். ஒருவராகவே பிடித்து உட்காரவைக்க முடியும். கணவர் இரவு வீட்டில் இருக்கும் வாரங்களில் அந்த வேலை அவருடையது; அவருடைய அம்மாதானே. பத்தாம் வகுப்புப் பையனும் பாட்டிக்குக் கை கொடுக்கலாம், அது அக்காவின் வேலை மட்டும் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியுங்கள். வாரம் ஒருமுறை பயிற்சி நடந்தாலே சில மாதத்தில் எழுந்து நிற்பதில் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு.

மகளிடம் கேட்பது

கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், கையில் வேலை இருக்கும்போதே, சாதாரணமாகக் கேளுங்கள். "ஹாஸ்டலா, வீடா?" என்று கேட்டால் மறுபடி "எதுன்னாலும் சரி" என்பாள். "ஹாஸ்டல்ல எதை நினைச்சா பயமா இருக்கு?" "பஸ்ல போனா எது உனக்குக் கஷ்டம்?" "என்னை நினைச்சு எதையாவது விட்டுக்கொடுக்கிறியா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம். அக்டோபரில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. முடிவில் அவள் குரலும் இருந்தாக வேண்டும்.

அவள் விடுதிக்குப் போகிறாள் என்றால் முதல் ஆறு வாரம் வீட்டு ஏக்கம் இருக்கும். இரவில் அழுதுகொண்டே கூப்பிடுவாள். அழைத்த மறுநாளே ஓடிப்போய்க் கூட்டிவந்தால் அது ஆறாது. முதல் இரண்டு வாரக் கடைசி அங்கேயே இருக்கட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள்; மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை திரும்பட்டும். தினமும் இரவு எட்டரைக்குப் பத்து நிமிடப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டியா" என்பதோடு "இன்னிக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே" என்றும் கேளுங்கள். பதிலில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் அவள் காலூன்றுகிறாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறாள், வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஒரு சொல் வருகிறது என்றால் அது வீட்டு ஏக்கம் இல்லை. உடனே நேரில் போங்கள், கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கணவரிடம் நான்கு வருட முடிவு கேட்காதீர்கள், ஒரு செமஸ்டருக்குக் கேளுங்கள். முதல் செமஸ்டர் முடிவு வந்ததும் வருகைப் பதிவு, மதிப்பெண், உடல்நிலை, செலவு நான்கையும் வைத்துக்கொண்டு மூவரும் பேசி, தொடர்வதா மாற்றுவதா என்று பார்க்கலாம் என்று சொல்லுங்கள். திரும்பிவர வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கும் சம்மதிப்பது எளிது. அதற்காகவே விலகல் விதியை எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

முதலாண்டு விடுதி இடங்கள் வகுப்பு தொடங்கும் முன்பே நிரம்பிவிடும். ஆகவே நாளைக்கே கல்லூரிக்குப் போன் செய்து காலியிடம் எத்தனை, கடைசி நாள் எது என்று கேட்டுக்கொண்டு, இந்த வாரமே கணவருக்குப் பகல் ஷிஃப்ட் இல்லாத ஒரு நாளில் மூவருமாகப் போங்கள். அறையை மகள் பார்க்கட்டும், வார்டனிடம் கணவர் பேசட்டும், குளியலறையை நீங்கள் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள்.